ரேகாபியர் குறித்துச் சில கேள்விகள்

லேக் மார்க்கெட், கொல்கத்தா
19 ஜனவரி 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

தமிழரசி எழுதுகிறேன். இரண்டு வருஷமாக நீங்கள் என் போனை எடுப்பதில்லை. கடிதம் என்றால் கிழித்துப் போடுவதற்காவது கையில் எடுத்துத்தானே ஆக வேண்டும்?

சண்டைக்கு எழுதவில்லை, பயப்படாதீர்கள். நம் திருமண்டலப் பத்திரிகையில் வேதத்தில் வரும் அறியாத ஜனங்களைப் பற்றி மாதாமாதம் எழுதுகிறீர்களே, அதில் ரேகாபியர் கட்டுரையை நாசரேத் சித்தி அனுப்பியிருந்தார்கள். வாசித்துவிட்டு மேசைமேல் வைத்திருந்தேன். மேக்னா அப்பா எடுத்தார். உங்கள் பெயரைப் பார்த்ததும் வீசி எறிவார் என்று நினைத்தேன். நின்றபடியே கடைசி வரி வரை வாசித்துவிட்டு, ஜெபக்கூட்டத்துக்குக் கொண்டுபோகிறேன் என்றார்.

நீங்கள் ‘ஓட்டைக் கூட்டம்’ என்று சொன்ன அதே கூட்டம்தான். நியூ டவுனில் ஏழாவது மாடியில் ஒரு பிளாட்டில் கூடுகிறோம். துறைமுகம், டிபென்ஸ் என்று மாற்றலாகி வந்த ஒன்பது தமிழ்க் குடும்பங்கள். நடத்துகிறவர் ஏழுமலை ஐயா. ஆரணிப் பக்கத்துக்காரர், சர்வே இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவர். குரலை உயர்த்தி ஒரு வார்த்தை பேச மாட்டார். உங்கள் கட்டுரையைக் கேட்டுவிட்டு அழுதார். “இருபது வருஷமா இதைத்தான் தேடிக்கினு இருந்தேன். எழுதினவர் யாரும்மா?” என்றார். எங்கள் அண்ணன் ஞானசிகாமணி என்று சொன்னபோது எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா?

உங்களிடம் கேட்கச் சொல்லிச் சில கேள்விகள் கொடுத்திருக்கிறார்கள். மேக்னா அப்பாவின் கையெழுத்தில் தனித்தாளாக இணைத்திருக்கிறேன். அவர் உங்களிடம் ஒன்றைக் கேட்கிறார் என்றால் அது சின்ன விஷயமா? பதில் எழுதுங்கள் அண்ணன்.

மேக்னாவுக்குப் பதினோரு வயது முடிந்துவிட்டது. கடைசியாக வலிப்பு வந்து எட்டு மாதமாகிறது. காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று, தானே மணி பார்த்து மாத்திரை போட்டுக்கொள்கிறாள். மதினிக்கு என் அன்பு.

தமிழரசி

*

பாளையங்கோட்டை
30 ஜனவரி 2025

ஏட்டி தமிழு,

கிழிக்கவில்லை. இரண்டு தரம் வாசித்தேன். உன் மதினி சௌந்தரம் மூன்று தரம் வாசித்து மூக்கைச் சிந்தினாள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நம் வீட்டுப் பிரதிஷ்டை அன்று பந்தியில் வைத்து, “சபையை விட்டு ஓடுறவன் நாளைக்குப் பொண்டாட்டியையும் விட்டு ஓடுவான்” என்று உன் மாப்பிள்ளை கிப்ட்சனைச் சொன்னேன். சாப்பிட்ட கையோடு அவர் எழுந்து போனார். சொன்னது தப்பு. இதை எழுத எனக்கு இரண்டு வருஷம் ஆகியிருக்கிறது, அதையும் அவரிடம் சொல்.

இனி கேள்விகள். கருவூலத்தில் முப்பத்துநாலு வருஷம் கோப்பு பார்த்தவனிடம் கேள்வி கேட்டால் சும்மா விடுவேனா?

ரேகாபியர் கேனியர் வம்சம். அவர்கள் தகப்பன் ரேகாபின் மகன் யோனதாப். அவன் போட்ட கட்டளைகள் இவை: திராட்சரசம் குடிக்காதே. வீடு கட்டாதே. விதை விதைக்காதே. திராட்சத்தோட்டம் நாட்டாதே, வைத்துக்கொள்ளவும் செய்யாதே. உயிருள்ள நாளெல்லாம் கூடாரத்தில் இரு. ஆண்கள் மட்டுமா என்று கேட்டிருக்கிறார்கள். இல்லை, மனைவி மக்கள் எல்லாருக்கும் சேர்த்துத்தான். எவ்வளவு காலம் கைக்கொண்டார்கள்? இருநூறு வருஷத்துக்கு மேல். யோசித்துப் பார், ஒரு தகப்பனுடைய வாய்வார்த்தைக்காக!

பிறகு எரேமியா தீர்க்கதரிசி அவர்களை ஆலயத்துக்குள் கூட்டிக்கொண்டுபோய், குடமும் கிண்ணமும் வைத்து, குடியுங்கள் என்கிறார். மாட்டோம் என்கிறார்கள். கர்த்தர் அந்தக் கீழ்ப்படிதலை மெச்சுகிறார். கட்டுரையிலேயே இந்த இடம்தான் உயிர். எழுதும்போது எனக்கே மயிர்க்கூச்செறிந்தது.

இன்னும் கேள்விகள் இருந்தால் அனுப்பச் சொல். இங்கே ஆயர் முதற்கொண்டு ஒருவரும் என் தொடரை வாசிப்பதில்லை. கொல்கத்தாவிலாவது ஒன்பது குடும்பம் வாசிக்கிறது!

உன் அண்ணன்
ஞானசிகாமணி

*

லேக் மார்க்கெட்
23 பிப்ரவரி 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தைக் கூட்டத்தில் வாசித்தார்கள். எல்லாரும் எழுந்து நின்று கேட்டார்கள். வேதவசனத்துக்கு நிற்போமே, அந்த மாதிரி. உங்களை இங்கே இப்போது ‘வேதபாரகர்’ என்றுதான் சொல்லுகிறார்கள். பந்தியில் நடந்ததை மேக்னா அப்பா மறந்துவிட்டார். “மச்சான் எழுத்தைக் கர்த்தர் நமக்குன்னு அனுப்புதார்” என்கிறார்.

நீங்கள் எழுதியபடியே ஒவ்வொன்றாகச் செய்ய ஆரம்பித்திருக்கிறோம். இரண்டு குடும்பங்கள் வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு ஐயா பிளாட்டில் பாய் விரித்துப் படுக்கிறார்கள். போன வாரம் எங்கள் பால்கனியில் மேக்னா வளர்த்த கொத்தமல்லித் தொட்டியை அவள் அப்பா கவிழ்த்துவிட்டார். விதை விதைக்கக் கூடாது அல்லவா? பிள்ளை அழுதாள். தொட்டிக் கொத்தமல்லிக்கும் அது பொருந்துமா என்று உங்களிடம் கேட்க நினைத்தேன். கேட்டால் சிரிப்பீர்கள்.

இந்தத் தடவை மூன்றே கேள்விகள். கிணறு வெட்டினார்களா? பிள்ளைகளைப் படிக்க வைத்தார்களா? நோய் வந்தால் வைத்தியரிடம் போனார்களா?

மூன்றாவதை எழுதும்போது மேக்னா அப்பா என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் தாளை வாங்கி மடித்துக்கொண்டேன்.

தமிழரசி

*

பாளையங்கோட்டை
5 மார்ச் 2025

தமிழுக்கு,

வேதபாரகர் என்ற பட்டம் நம் திருமண்டலம் கொடுத்திருக்க வேண்டியது. போகட்டும், தீர்க்கதரிசிக்கு ஊரில் ஏது மரியாதை?

கிணறு: வெட்டியதாக எழுதியிருக்கவில்லை. படிப்பு: பள்ளிக்கு அனுப்பியதாக எழுதியிருக்கவில்லை. ஆனால் யாபேசில் குடியிருந்த கணக்கர்களும் இவர்களும் ஒரே வம்சம் என்று ஒரு வம்சவரலாற்றில் வருகிறது. ஆகவே எழுத்தறிவு இருந்திருக்கலாம். வைத்தியர்: போனதாக எங்கும் எழுதியிருக்கவில்லை. நான் மூலபாஷை அகராதிவரை புரட்டிப் பார்த்துவிட்டேன். ஒரு வரி கிடையாது.

எழுதிக்கொண்டிருக்கும்போது உன் மதினி தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, “வைத்தியரப் பத்தி எதுக்குக் கேக்காவ? ஆருக்கும் மேலுக்கு முடியலையா?” என்றாள். “இது வேத ஆராய்ச்சி, நீ போய்ச் சோலியப் பாரு” என்றேன். பெண்பிள்ளைகளுக்கு எதற்கெடுத்தாலும் பயம்.

கொத்தமல்லி விஷயத்தில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. ஆனால் சட்டம் என்றால் சட்டம்தான்!

ஞானசிகாமணி

*

கொல்கத்தா
30 மார்ச் 2025

அண்ணன்,

கீழ்வீட்டு ரஞ்சனா பௌதியின் அடுக்களையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். பௌதி என்றால் இங்கே அண்ணி. அவர்கள்தான் தபாலில் சேர்ப்பார்கள். கூட்டத்தில் எல்லாரும் போனை ஒப்படைத்துவிட்டோம். இனி பதிலை அவர்கள் பெயருக்கு அனுப்புங்கள், முகவரி பின்னால் இருக்கிறது. கூட்டத்துக்கு எழுதுவது மட்டும் எங்கள் வீட்டுக்கு வரட்டும்.

உங்கள் வரியை ஐயா பிளாட்டின் சுவரில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறார்கள். ‘வைத்தியரிடம் போனதாக எங்கும் எழுதியிருக்கவில்லை.’ அதற்குக் கீழே உங்கள் பெயர்.

அன்று சாயங்காலமே மேக்னா அப்பா மாத்திரை அட்டைகளை எடுத்துக்கொண்டு லேக் பக்கம் நடந்தார். பின்னாலேயே ஓடினேன். தண்ணீரில் போட்டுவிட்டார். மாத்திரையைத் திடீரென்று நிறுத்தவே கூடாது என்று டாக்டர் எத்தனை தடவை சொல்லியிருக்கிறார்! பதினைந்தாம் நாள் வந்தது. குளிக்கும்போது விழுந்து நாக்கைக் கடித்துக்கொண்டாள். அதற்குப் பிறகு மூன்று தடவை வந்துவிட்டது. பள்ளிக்கும் அனுப்புவதில்லை.

ஏழுமலை ஐயாவின் காலில் விழுந்தேன் அண்ணன். அவர் என்ன சொன்னார் தெரியுமா? “மருந்து வேணாம்னு நான் சொல்லலையேம்மா. படிச்சவரு, உங்க அண்ணனே எழுதிட்டாரு. நான் யாரு மாத்தறதுக்கு?”

பௌதி மாத்திரை வாங்கித் தந்தார்கள். வெல்லத்துக்குள் வைத்து ஊட்டினேன். மேக்னா துப்பிவிட்டாள். “மா, மாமாவே இல்லைன்னு எழுதியிருக்காங்கல்ல? பாபா பாவம் வரும்னு சொன்னாங்க.” அப்பாவை இங்கத்துப் பிள்ளைகள் மாதிரி பாபா என்கிறாள். பிள்ளைக்கு உங்கள்மேல் அவ்வளவு நம்பிக்கை. தானாவுக்குப் போகலாம் வா என்கிறார்கள் பௌதி. போலீஸ் என்றால் மேக்னா அப்பாவை அல்லவா கொண்டுபோவார்கள்? அதற்கு மனசு வரவில்லை.

ஈஸ்டர் முடிந்ததும் கூடாரத்துக்குப் போகிறோம். அதற்குள் அந்த வரி தப்பு என்று எழுதுங்கள். இவர்கள் உங்களைத் தவிர வேறு யார் சொன்னாலும் கேட்க மாட்டார்கள். என் பிள்ளையை விட்டுவிடச் சொல்லுங்கள்.

தமிழு

*

பாளையங்கோட்டை
7 ஏப்ரல் 2025

ஏழுமலை அவர்களுக்கும், கிப்ட்சனுக்கும், கூட்டத்தார் அனைவருக்கும்:

இதைச் சபையாகக் கூடி உரக்க வாசிக்கவும்.

எழுதியிருக்கவில்லை என்று நான் சொன்னதற்கு, செய்யவில்லை என்று அர்த்தம் அல்ல. ரேகாபியர் பல் விளக்கியதாகவும்தான் எழுதியிருக்கவில்லை. அதனால் நாளை முதல் நீங்கள் பல் விளக்காமல் இருப்பீர்களா? யோனதாப் ஐந்து காரியம்தான் சொன்னான். மருந்து அதில் இல்லை. கொத்தமல்லித் தொட்டியும் இல்லை. இல்லாததைக் கூட்டுவது அவன் கட்டளையை மீறுவதாகும்.

என் பெயர் போட்ட அந்தத் தாளைச் சுவரிலிருந்து கிழியுங்கள். நான் எழுதியது தப்பு. ஒரு பிள்ளையின் உயிரைப் பற்றிய கேள்வி என்று தெரியாமல் பெருமைக்குப் பதில் எழுதினேன். மேக்னாவுக்கு இன்றே மாத்திரை கொடுங்கள். மாப்பிள்ளை, உங்களைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். வேதபாரகர் என்று என்னைக் கூப்பிட்டது மெய்யானால் இதற்கும் கீழ்ப்படியுங்கள்.

மேக்னா கண்ணு, மாமாதான் சொல்கிறேன். மாத்திரையைத் துப்பாதே அம்மா.

ஞானசிகாமணி

*

நியூ டவுன் தாண்டி, கூடாரத்திலிருந்து
27 ஏப்ரல் 2025

அண்ணன்,

வாரத்துக்கு ஒரு நாள் எங்களில் இரண்டு பெண்கள் லேக் மார்க்கெட்டுக்கு அரிசி, காய் வாங்கப் போகிறோம். கூட வருகிறவள் கறிவேப்பிலை பொறுக்குகிற நேரத்தில் இதைப் பௌதி கையில் கொடுத்துவிட வேண்டும். அதனால் சுருக்கமாக எழுதுகிறேன்.

உங்கள் கடிதத்தை ஒரு வரி விடாமல் வாசித்தார்கள். வாசித்து முடித்ததும் மேக்னா அப்பா அழுதார். அவர் மனம் மாறிவிட்டது அண்ணன், நான் கண்ணால் பார்த்தேன். எழுந்து என் பக்கம் வர ஒரு காலை எடுத்து வைத்தார்.

அப்போது ஐயா சிரித்துக்கொண்டே சொன்னார்: “கிண்ணம் வந்துடுச்சி பாத்தீங்களா? ரேகாபியரைக் குடிக்கச் சொன்னது யாரு, எதிரியா? தீர்க்கதரிசியே சொன்னாரு. நல்லவர் வாயாலதான் சோதனை வரும். அவங்க குடிக்கல, ஆசீர்வாதம் வாங்கினாங்க. நம்ம வேதபாரகரும் இன்னைக்கு நமக்குக் கிண்ணம் வைக்கிறாரு. எவ்ளோ கெஞ்சறாரு பாருங்க! கெஞ்சக் கெஞ்ச மாட்டோம்னு சொல்றதுதான் கீழ்ப்படிதல்.”

மேக்னா அப்பா உட்கார்ந்துவிட்டார்.

இனி நீங்கள் எது எழுதினாலும் அது கிண்ணம்தான். கத்தினாலும் கிண்ணம், அழுதாலும் கிண்ணம். அந்த இடம்தான் கட்டுரைக்கு உயிர் என்று எழுதினீர்களே! அதை வைத்தே என் பிள்ளையைக் கட்டிப் போட்டுவிட்டார்.

இங்கே மீன் வளர்க்கும் பெரிய ஏரிகள். பேரி என்பார்கள். அதன் கரையில் நீலத் தார்ப்பாயில் ஒன்பது கூடாரம். கதவு கிடையாது. மேக்னா எந்நேரம் விழுவாளோ, எந்தப் பக்கம் விழுந்தாலும் தண்ணீர். என் சேலைத் தலைப்பை அவள் இடுப்பில் கட்டிக்கொண்டுதான் உட்காருகிறேன். காலபைசாகி என்கிற கோடைப் புயல்காற்று வந்தால் எல்லாரும் ஆளுக்கொரு கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம்.

உங்களுக்கு அந்த அதிகாரம் மனப்பாடம். அதிலேயே எங்களை வீட்டுக்குத் திருப்ப ஒரு வரியாவது இல்லையா? இருந்தால் எனக்கு மட்டும் எழுதுங்கள்.

தமிழு

*

பாளையங்கோட்டை
5 மே 2025

தமிழு,

இருக்கிறது.

குடிக்க மாட்டோம் என்று சொன்ன அதே வாயால் அவர்கள் இன்னொன்றும் சொன்னார்கள். பாபிலோன் ராஜா தேசத்துக்குள் வந்தபோது, சேனைக்குத் தப்ப எருசலேமுக்குள் போவோம் வாருங்கள் என்று சொல்லி வந்துவிட்டோம், இப்போது எருசலேமில்தான் இருக்கிறோம் என்றார்கள். பட்டணத்தில், மதிலுக்குள். உயிருக்கு ஆபத்து என்றதும் கூடாரத்தை விட்டார்கள். கர்த்தர் அதற்காக அவர்களைக் கடிந்துகொள்ளவில்லை. அப்படி வந்த பிறகுதான் ஆசீர்வதித்தார்.

இது கட்டுரையில் ஏன் இல்லை என்று கேட்பாய். எழுதியிருந்தேன். பிறகு நானே அடித்தேன். இருநூறு வருஷம் கூடாரத்தை விடாதவர்கள் என்று எழுதிவிட்டு, ஆபத்து வந்ததும் ஊருக்குள் ஓடினார்கள் என்று எழுதினால் கட்டுரையின் அழகு கெட்டுப்போகும் என்று நினைத்தேன். அழகாம்! உன் மதினி இதைக் கேட்டுவிட்டு மூன்று நாளாக என்னோடு பேசவில்லை.

இதைக் கிப்ட்சனிடம் காட்டாதே. காட்டினால் இதையும் கிண்ணம் என்பார்கள். சேனை வந்துவிட்டது என்று வைத்துக்கொள். அடுத்த தடவை மார்க்கெட்டுக்கு வரும்போது மேக்னாவையும் கூட்டிக்கொண்டு வா. பௌதி வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்து. வெளியே வராதே. சென்னையில் பன்னிரண்டாம் தேதி ஹவுரா வண்டிக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். பதினாலாம் தேதி வந்துவிடுவேன். இதை நான் மார்ச் மாதமே செய்திருக்க வேண்டும். பேனா போதும் என்று இருந்துவிட்டேன்.

அண்ணன்

*

கூடாரம்
11 மே 2025

அண்ணன்,

காட்டிவிட்டேன். என்னைத் திட்டாதீர்கள். அவர் அவளுக்கு அப்பா. அவரை விட்டுவிட்டு நான் மட்டும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓட எனக்குக் கால் எழும்பவில்லை. பந்தியில் நீங்கள் சொன்ன வார்த்தையும் நெஞ்சில் கிடந்தது. ஓடுகிறவள் நானாக இருக்கக் கூடாது என்று நினைத்தேன்.

வாசித்தார். “தமிழு, இது மெய்யாவே இருக்கா?” என்றார். வேதத்தைத் திறந்து காட்டினேன். விரல் வைத்து இரண்டு தரம் வாசித்தார். மேக்னாவின் தலையைத் தடவினார். பிழைத்தோம் என்றே நினைத்தேன் அண்ணன். பிறகு, ஐயாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வருகிறேன் என்று போனார்.

ஐயா கோபப்படவில்லை. “பட்டணத்துக்குள்ள போனாங்க, சரி. அந்தப் பட்டணம் என்னாச்சி? எரிஞ்சிச்சே! நம்ம கண்ணுல அந்த நியூ டவுன் மாடிங்க தெரியற வரைக்கும் மனசு அங்கதான் ஓடும்” என்றார். நாளைக் காலை கூடாரத்தைப் பிரிக்கிறோம். படகு பேசியிருக்கிறார்கள். எங்கே என்று பெண்களுக்குச் சொல்லவில்லை. இதைப் பால்காரரிடம் கொடுத்தனுப்புகிறேன், பௌதிக்குச் சேரட்டும்.

அந்த வசனத்தை மேக்னாவிடமும் சொன்னேன், மாத்திரையைத் துப்பாமல் இருப்பாள் என்று. “மாமாக்கு அது தெரியும்னா முதல்லயே ஏன் எழுதல?” என்று கேட்டாள். நீங்களே அவளுக்குச் சொல்லுங்கள், பார்த்தால்.

இன்றைக்கு அவளுக்கு நான்கு தடவை வந்துவிட்டது. கடைசித் தடவைக்குப் பிறகு என்னை ‘மா’ என்று கூப்பிட அவளுக்கு வெகுநேரம் ஆயிற்று.

மேக்னா அப்பா உங்களுக்கு ஒரு கேள்வி எழுதிக் கொடுத்திருக்கிறார். வழக்கம்போலத் தனித்தாளில். எழுதும்போது அவள் அவர் மடியில்தான் படுத்திருந்தாள்.

தமிழு

[தனித்தாள், வேறு கையெழுத்தில்:]

வேதபாரகர் அவர்களுக்கு. ரேகாபியர் தங்கள் பிள்ளைகளில் மரித்தவர்களை எங்கே அடக்கம்பண்ணினார்கள்?

*

ரஞ்சனா பௌதி வீடு, லேக் மார்க்கெட்
15 மே 2025

தமிழு,

இதை ஆறு பிரதி எழுதுகிறேன். எந்தப் படகுத்துறையில் எந்தப் பிரதி உன் கைக்கு வரும் என்று தெரியாது.

நேற்று ஸ்டேஷனிலிருந்து நேராக பேரிக் கரைக்குப் போனேன். உன் கடைசிக் கடிதத்தோடு பௌதி ஸ்டேஷனுக்கே வந்திருந்தார்கள், அவர்களும் கூட வந்தார்கள். ஒன்பது கூடாரத்துக்கும் முளை அடித்த குழிகள் இருந்தன. மழைத் தண்ணீர் நிறைந்து கிடந்தது. புதிதாக வேறு எதையும் தோண்டியிருக்கிறார்களா என்று அந்தக் கரை முழுக்க நடந்து பார்த்தேன். இல்லை. உன் மதினிக்குப் போன் பண்ணி, இல்லை என்று மட்டும் சொன்னேன்.

வலை இழுக்கிற ஒருவர், பன்னிரண்டாம் தேதி காலையில் பத்துப் பதினோரு வயதுப் பெண் ஒருத்தி தாயைப் பிடித்துக்கொண்டு படகில் ஏறினாள் என்றார். தூக்கிக்கொண்டு போனார்களா, நடந்தாளா என்று பௌதியை விட்டு வங்காளத்தில் மூன்று தடவை கேட்கச் சொன்னேன். நடந்தாள் என்றார். படகு தெற்கே போனதாம். தானாவில் புகார் கொடுத்துவிட்டோம், எழுதிக்கொண்டார்கள். நாளைக் காலையில் நானும் தெற்கே போகிறேன். மேக்னாவின் மாத்திரை என் சட்டைப் பையில் இருக்கிறது.

மாப்பிள்ளை, உங்கள் கேள்வியைப் பார்த்தேன். எழுதியிருக்கவில்லை என்று பதில் எழுதக் கை தானாகப் போயிற்று. என் கை இன்னும் திருந்தவில்லை. இதற்கு நான் பதில் எழுத மாட்டேன். இனி எந்தக் கேள்விக்கும் எழுத மாட்டேன். பிள்ளையை மடியை விட்டு இறக்காதீர்கள், நான் வந்துகொண்டிருக்கிறேன்.

மேக்னா கண்ணு, நீ கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறேன். மாமா அந்த வசனத்தை மறக்கவில்லை அம்மா. தெரிந்தேதான் விட்டேன்.

ஞானசிகாமணி